பல்லில் பட்டால் பாவமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் முப்பது வருடம் ஞானோபதேச (வேதபாட) வகுப்பு எடுத்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை)

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அடுத்த மாதம் புதுநன்மை, பூசையில் ஆண்டவரின் உடலாகத் தரும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கப்போகிறான். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு அவன் பாட்டி, “நன்மை பல்லில் பட்டால் பாவம், முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டார். பிள்ளை வரவே மாட்டேன் என்கிறான். (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: பாட்டி மேல் கோபப்படாதீர்கள். எனக்கும் என் அம்மா இதைத்தான் சொல்லித் தந்தார். ஒரு காலத்தில் நள்ளிரவிலிருந்தே உபவாசம் இருந்தது உண்மை. தண்ணீர் குடிக்கலாம் என்று 1953-லேயே சொல்லிவிட்டார்கள். 1957-ல் உபவாசமே நன்மை வாங்குவதற்கு முன் மூன்று மணி நேரமாகக் குறைந்தது, 1964-ல் ஒரு மணி நேரமானது. இன்றும் அவ்வளவுதான். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை.

பல்லில் பட்டால் பாவம் கிடையாது. ‘உண்ணுங்கள்’ என்றுதானே ஆண்டவர் சொன்னார்? பிள்ளைகளுக்கு உண்மையில் வரும் சங்கடம் வேறு. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உடனே விரலை விடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் எச்சிலில் ஊறி இறங்கிவிடும். வசீகரம் செய்யாத, அதாவது பூசையில் இன்னும் நற்கருணையாக்கப்படாத அப்பத்தை வைத்து வகுப்பில் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். கையில் வாங்குவதானால் இடது உள்ளங்கை மேலே, வலது கீழே. ‘ஆமென்’ சொல்லிவிட்டு, வலது கையால் எடுத்து அங்கேயே உண்ண வேண்டும்.

‘அங்கேயே’ என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் வகுப்புப் பையன் ஒருவன் நற்கருணையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இடத்துக்கு வந்துவிட்டான். கேட்டால், காய்ச்சலில் படுத்திருக்கும் தங்கச்சிக்காம். அவனைக் கோயில் என்றும் பார்க்காமல் அதட்டிவிட்டேன். பூசை வைத்த சாமியார்தான் அருகில் வந்து, பையிலிருந்து எடுத்துத் தாமே உட்கொண்டுவிட்டு அவன் தலையைத் தடவினார். நான் ஒரு வருடம் சொல்லித் தந்ததில், எடுத்துப்போகக் கூடாது என்பதை மட்டும் சொல்லவே இல்லை.

மந்திரம் பாதியில் நின்றால் நிற்கட்டும். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது சாமியாரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, அவரே எடுத்துக் கொடுப்பார். புதுநன்மைக்கு ஏழு வயது போதும் என்று 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ் சொன்னபோது அவர் பிள்ளையிடம் எதிர்பார்த்தது, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருப்பதைத்தான். மனப்பாடத்தை அல்ல. ராத்திரி ஜெபத்தில் நீங்கள் உரக்கச் சொல்லுங்கள், கேட்டுக் கேட்டே வந்துவிடும். இன்னொன்று, பாவசங்கீர்த்தனம் முடிந்து வெளியே வருகிறவனிடம் “என்ன சொன்னே?” என்று கேட்டுவிடாதீர்கள். பாட்டியும் கேட்கக் கூடாது.

கேள்வி: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் சீர்திருத்த சபையில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. இன்னும் திருவிருந்து (நற்கருணை) எடுக்கவில்லை. என் மகள் எட்டு வயதில் எடுத்துவிட்டாள். ஏன் இப்படி? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: அங்கே பொதுவாகத் திடப்படுத்தல், அதாவது வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு, முடிந்த பிறகுதான் திருவிருந்து. அதற்குத் தனி வகுப்பும் உண்டு. கேரளத்தில் சிரிய மரபைச் சேர்ந்த யாக்கோபாயா சபையிலோ ஞானஸ்நானம் பெற்ற அன்றே கைக்குழந்தைக்கும் கொடுத்துவிடுவார்கள். அக்கா வீட்டில் இதைப் போட்டியாக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் இந்து. மகளின் புதுநன்மை அன்று அவரும் கூட நிற்கலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக. முன்வரிசையில் உட்காரட்டும், நன்மை மட்டும் வாங்கக் கூடாது. எழுந்து வரிசையில் போய் ஆசீர்வாதம் வாங்கும் வழக்கம் உங்கள் கோயிலில் இருக்கிறதா என்று சாமியாரிடம் முன்கூட்டியே கேட்டு, கணவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் எழுவதா உட்காருவதா என்று அவர் தவிக்கக் கூடாது, பாவம். மகளின் கவுனுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கவுனை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கலாம். புதுச் செருப்பை மட்டும் ஒரு வாரம் முன்பே போட்டு நடக்க விடுங்கள். கால் கடித்தால் பிள்ளைக்குப் பூசை முழுக்க அதே நினைப்புதான்.