மட்டையைக் கொளுத்தாதீங்க: செம்பனைக்காரர்களின் மண் கார்பன் கேள்விகள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவை. நான் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, வெட்டிய மட்டையைக் கொளுத்தினால் சாம்பலும் உரம்தானே?

சாம்பலில் பொட்டாசியம் இருக்கும், சரி. ஆனால் காய்ந்த மட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அதில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும், கூடவே நைட்ரஜனும். வரிசைக்கு நடுவே அடுக்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அடுக்கைக் காலால் தள்ளிப் பார்த்தால் அடியில் மண் கறுத்து ஈரமாக இருக்கும், இளம் வேர் மேலேறி வந்திருக்கும். பக்கத்தில் குலை தூக்கும் பாதையோ ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும்.

கேள்வி: மண்ணில் எவ்வளவு கார்பன் ஏறும் ஐயா?

ஒரு ஹெக்டரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு சுமார் 3,900 டன் மண் என்று வையுங்கள். கார்பன் 1.5 சதவீதத்திலிருந்து 1.6 ஆனால் 3.9 டன் கூடும், கரியமில வாயுக் கணக்கில் 14 டன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம்மூர் வெயிலும் மழையும் சேர்ந்தால் போடுவதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும், அதனால் வருடா வருடம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: ஆலையிலிருந்து வெறுங்குலை (பழம் எடுத்த பின் மிஞ்சும் குலை) கிடைக்கிறது, குவித்து வைக்கலாமா?

குவிக்கவே வேண்டாம், மரத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுவிடும். ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள்.

கேள்வி: எங்கள் நிலம் கம்புட் மண், அதிலும் இதே கதைதானா?

இல்லை தம்பி, அங்கே கதையே தலைகீழ். கம்புட் என்பதே முழுதாக மக்காமல் தண்ணீருக்குள் சேர்ந்த செடிகொடிதான். வாய்க்கால் வெட்டி வடித்ததும் காற்றுப் பட்டு மக்க ஆரம்பிக்கும், நிலமும் இறங்கும். நான் இருந்த தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்படிக்குக் கீழே இன்னொரு படி கட்ட வேண்டி வந்தது, மரங்களும் வேர் தெரியச் சாய்ந்தன. மட்டை அடுக்கி இதை ஈடுகட்ட முடியாது. வாய்க்காலில் மண்மூட்டைத் தடுப்புப் போட்டு நீர்மட்டத்தை நிலப்பரப்புக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். புதிதாக வாய்க்கால் வெட்டாதீர்கள்.

கேள்வி: மண்ணில் சேர்த்த கார்பனைக் கணக்குக் காட்டி விற்றால் காசு வருமாமே?

ஐந்து ஏக்கருக்கு மண்ணை அளக்கும் செலவிலேயே அந்தக் காசு போய்விடும். உரச் செலவு குறைகிறதா என்று பாருங்கள்.