செங்குத்துச் சரிவில் திராட்சை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் பிரெம் கிராமத்தைப் பற்றிய உங்கள் பயணக்குறிப்பை வாசித்தேன். மோசல் ஆற்றங்கரையில் 65 பாகை சரிவில் திராட்சை வளர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சமநிலத்தில் இயந்திரத்தை ஓட்டி முடிக்கிற வேலையை எதற்கு மலையில் தொங்கிக்கொண்டு செய்ய வேண்டும்? சுற்றுலாக்காரர்களுக்காக நடத்தும் காட்சிதானே?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கீழே சாலையில் நின்று கால்மோன்ட் சரிவை அண்ணாந்து பார்த்தபோது எனக்கும் அதே சந்தேகம் வந்தது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று அது.

ஆனால் காரணம் வெயில். பிரெம் இருப்பது 50ஆவது வட அட்சக்கோட்டை ஒட்டி. அங்கே விளைகிற ரீஸ்லிங் என்ற திராட்சை நிதானமாகப் பழுக்கும் வகை. அவ்வளவு வடக்கே, தெற்குப் பார்த்த சரிவில்தான் சாய்ந்து வரும் கதிர் நேராக விழும். மண் என்று சொல்ல அதிகம் இல்லை, எல்லாம் உடைந்த ஸ்லேட்டுக் கல். பொழுது சாய்ந்தபின் ஒரு சில்லைத் தொட்டுப் பார்த்தேன். இறக்கிவைத்துக் கொஞ்ச நேரமான தோசைக்கல் மாதிரி வெதுவெதுப்பு. பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது.

அங்கே பல கொடிகளுக்குத் தனித்தனிக் கம்பம். இரண்டு கிளைகளை இருபுறமும் வளைத்து, இதய வடிவில் கம்பத்தோடு கட்டுகிறார்கள். குறுக்கே கம்பி இல்லாததால் எந்தப் பக்கமும் நகரலாம். குளிர்கால முடிவில், ஈரமான நாளாகப் பார்த்துத்தான் கட்டுவார்களாம். காய்ந்த நாளில் கிளை பட்டென்று ஒடிந்துவிடும் என்றார் ஒரு பெரியவர். அந்த மழையில் எந்தச் சுற்றுலாக்காரர் வரப்போகிறார்? மேலே ஏற, ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஊரும் ஒரு குட்டி வண்டி உண்டு. மற்றபடி கால்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாகப்பிரிவினையில் துண்டுதுண்டாகிப்போன நிலம் அது. கைவிடப்பட்டு முள் மண்டிய பட்டைகளையும் பார்த்தேன். சுற்றுலாக்காரர் காசு இல்லாவிட்டால் மிச்சத்தையும் பலர் விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தக் காசு போகும் வழி எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் அந்த வீட்டில் ஒயின் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள். தனி உரிமம் வேண்டாம். ஆனால் சொந்த ஒயினைத்தான் விற்கலாம், அதிகபட்சம் 40 இருக்கைகள், ஆண்டுக்கு நான்கு மாதம். நமக்கு ஊற்றித் தந்த அம்மாதான் காலையில் அறுவடைக்குப் போயிருப்பார்.

அக்டோபரில் போனால் ஃபெடர்வைஸர் கேளுங்கள். பாதி நொதித்த கலங்கல் ஒயின், சூடான வெங்காய கேக்கோடு தருவார்கள். புட்டியை மட்டும் பையில் படுக்க வைத்துவிடாதீர்கள். உள்ளே நொதித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியாது. திரும்பும் ரயிலில் இரண்டு சட்டையும் ஒரு குறிப்பேடும் நனைந்தன.