மிதவை அங்கேயே நிற்கிறது, அலை மட்டும் எப்படி வருகிறது?

கேள்வி: குந்துகால் பக்கம் வலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், மிதவை அலைக்கு அலை ஏறி இறங்குகிறதே தவிர கரைக்கு வருவதில்லை. அப்போ கரைக்கு வருவது என்ன? காற்றே இல்லாத நாளில்கூட சில சமயம் ஆண்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) பேரலை அடிக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?
– வாசகர், பாம்பன்

பதில்: மிதவையைக் கவனித்தீர்கள் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கரைக்கு வருவது ஆற்றல். நங்கூரக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை ஓர் உதறு உதறினால், ஒரு மேடு கயிறு நெடுக ஓடிப்போய்க் கட்டிய இடத்தை வெடுக்கென்று இழுக்கும். கயிறு நம் கையில்தான் இருக்கிறது, நாம் கொடுத்த உதறல் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

கடலில் நீர் வெறுமனே ஏறி இறங்காது, வட்டமாகச் சுற்றும். அடுத்த முறை மிதவையை உற்றுப் பாருங்கள்: முகடு வரும்போது கரைப்பக்கம் கொஞ்சம் நகரும், பள்ளம் வரும்போது பின்வாங்கும், ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். (காற்றும் நீரோட்டமும் இழுத்துப்போவது தனிக் கணக்கு.) ஆழம் போகப்போக இந்த வட்டம் சுருங்கி, அலைநீளத்தில் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம்) பாதி ஆழத்தில் அசைவு அநேகமாக நின்றுவிடும். சங்கு குளிக்கிறவர்களுக்கு இது உடம்பே அறிந்த விஷயம், மேலே படகு குலுங்கும்போதும் கீழே அமைதியாக இருக்கும்.

சரி, காற்றில்லாத நாளில் வரும் பேரலை. அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல்காற்று தண்ணீரில் ஏற்றிவிட்ட ஆற்றல் அது. குட்டி அலைகள் வழியிலேயே அடங்கிவிடும், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 18 வினாடி இடைவெளி உள்ள நீண்ட அலைகள் தாக்குப்பிடித்து வந்துவிடும். ஆழ்கடலில் அந்த முகடுகள் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் ஓடும், ஆற்றலோ அதில் பாதி வேகத்தில்தான் நகரும், ஆக 6,000 கிலோமீட்டர் தாண்டி வர 5 நாள் ஆகும். புயல் அடித்த சேதியே நமக்குத் தெரிந்திருக்காது. முகட்டுக்கு முகடு அரை கிலோமீட்டர் தூரம் இருப்பதால் நடுக்கடலில் படகில் இருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறைந்ததும் அலையின் வேகம் குறையும், பின்னால் வரும் ஆற்றல் நெருக்கியடித்துக்கொண்டு வந்து அலையை உயர்த்தும். உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதை மறக்கக் கூடாது, முழங்கால் உயர அலையில் தைரியமாக நின்றவரை இடுப்பு உயர அலை சாய்த்துவிடுவது அதனால்தான். பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் இந்த அலை அவ்வளவாக வராததற்குக் காரணம், இலங்கையும் ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் குறுக்கே நிற்கின்றன.

ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தயவுசெய்து படகுகளை மேலே ஏற்றிவிடுங்கள். ஏற்ற முடியாதவற்றை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் தண்ணீருக்குள் வேலை செய்கிறது, செல்போன் சிக்னல் மட்டும் ஏன் உள்ளே போவதில்லை?
– வாசகி, மண்டபம்

பதில்: இரண்டும் வேறு வேறு ஜாதி அலைகள். எக்கோ சவுண்டர் அனுப்புவது ஒலி. அதில் நீர் முன்னும் பின்னுமாக நெருங்கி விலகி, பக்கத்து நீரைத் தள்ளித் தள்ளி ஆற்றலைக் கடத்துகிறது, அதற்குத் தண்ணீர் நல்ல பாதை. காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி கடலில் 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்பிவர ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும், அந்த நேரத்தை வைத்துத்தான் கருவி ஆழம் சொல்கிறது.

செல்போன் சிக்னல் ரேடியோ அலை, வெளிச்சத்தின் உறவு. அது பயணிக்க எந்தப் பொருளும் வேண்டாம். சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி எட்டே நிமிடத்தில் வந்து, உங்கள் ஊர் மணலில் காயும் நெத்திலியைக் கருவாடாக்குகிற ஆற்றலும் அதே ஜாதி அலையில்தான் வருகிறது. ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் உள்ளே நுழையும் ரேடியோ அலையின் ஆற்றல் சில சென்டிமீட்டருக்குள்ளேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது.