சிப்பிப் புதைபடிவங்கள்: வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் கொக்கி போல வளைந்த கல் ஓடு ஒன்று கிடைத்தது. நத்தையா?

இல்லை, சிப்பி. கிரைஃபியா ஆர்குவாட்டா என்று பெயர். சுமார் 20 கோடி ஆண்டுப் பழையது. அந்த ஊர்க்காரர்கள் ‘சாத்தானின் கால் நகம்’ என்பார்கள். உங்களிடம் இருப்பது தடித்த இடது ஓடு. மூடி போன்ற தட்டையான வலது ஓடு பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். உட்புறத்தில் மண்ணை மெதுவாக நீக்கினால் ஓட்டை மூடும் தசை ஒட்டியிருந்த ஒரே ஒரு தழும்பு தெரியும். நத்தைக்கு அது இருக்காது.

ஒரே அடுக்கில் ஒன்று நன்றாகச் சுருண்டும் இன்னொன்று ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கிறதே, இரண்டும் வேறு இனமா?

உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். சிப்பிக் குஞ்சு இடது ஓட்டால் எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வளரத் தொடங்கும். கிரைஃபியா சின்ன ஓட்டுத் துண்டில் ஒட்டியிருந்தால் சீக்கிரம் விடுபட்டு, சேற்றின் மேல் கிடந்தபடி சுருள ஆரம்பிக்கும். அகலமான பரப்பில் ஒட்டியது வெகுநாள் தட்டையாகவே இருக்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது ஓடு வளரத் தொடங்கிய கூரான முனையில், அதாவது மூக்கு நுனியில், உள்ள ஒட்டுத் தழும்பைத்தான். அது சிறிதாக இருந்து ஓடு ஆழமாக வளைந்திருந்தால் கிரைஃபியா. பெரிதாக இருந்து ஓடும் தட்டையாக இருந்தால் லியோஸ்ட்ரியா என்ற வேறொரு சிப்பியாக இருக்கலாம். ஒற்றை ஓட்டை வைத்துச் சொல்லாதீர்கள், ஒரே இடத்தில் இருபது முப்பது சேர்த்துப் பாருங்கள்.

லியோஸ்ட்ரியா படிப்படியாகச் சுருண்டு கிரைஃபியா ஆனது என்று 1922இல் புதைபடிவ ஆய்வாளர் ட்ரூமன் எழுதினார். சுருள் மிஞ்சி வாய் திறக்க முடியாமல் கிரைஃபியா இனமே அழிந்தது என்ற கதையும் பரவியது. 1959இல் ஹாலம் என்ற ஆய்வாளர் ஓடுகளை அளந்து பார்த்து, சுருள் அப்படிக் கூடிக்கொண்டே போகவில்லை என்றார். உண்மையில் பின்னால் வந்த கிரைஃபியாக்கள் அகலமாகி, சுருள் குறைந்தன. இங்கிலாந்தின் ‘ஆக்ஸ்ஃபோர்டு களிமண்’ என்ற பாறை அடுக்கில் கிடைக்கும் கிரைஃபியா டிலடாட்டாவைக் கையில் எடுத்தாலே தெரியும். அந்தக் கதை இன்னும் சொல்லப்படுவது எனக்கு வருத்தம்தான்.

மூக்கு பக்கவாட்டில் திரும்பிய, விரல் நகமளவு ஓடு?

நுண்ணிய வரிகளும் இருந்தால் நானோகைரா விர்குலா என்ற சிப்பி, டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தின் பிற்பகுதி. பிரான்சின் ஷாப்லி திராட்சைத் தோட்ட மண்ணில் இது நிறையக் கிடைக்கிறது.

ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. பெட்டியில் ‘லோஃபா’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அது பழைய பெயர். ஜுராசிக் அடுக்கில் எடுத்ததென்றால் ஆக்டினோஸ்ட்ரியான் என்று மாற்றி எழுதுங்கள். குஜராத்தின் கட்ச்சிலும் கிடைக்கிறது.

அரியலூரில் எடுத்த சிப்பியும் கிரைஃபியாதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அங்குள்ள பாறைகள் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தவை. அங்கே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் வருவது பிக்னோடோன்டி என்ற வேறு சிப்பி, சுமார் 7 கோடி ஆண்டுப் பழையது. உடைந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஓட்டின் சுவருக்குள் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரியும். கிரைஃபியாவில் அவை இல்லை.