சிறுவாணித் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையா?

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். சிறுவாணித் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதைத் தரைத்தொட்டியில் பிடித்துவைத்துக் குடிக்கிறோம். புழக்கத்துக்கு போர்வெல் உப்புத் தண்ணீர். கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் முன்னதற்கு 60, பின்னதற்கு 1,400 காட்டுகிறது. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், சிறுவாணித் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பாக மாற்றிக் காட்டி, ஆர்.ஓ. கட்டாயம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: சிறுவாணித் தண்ணீரை மட்டுமே குடிக்கிறீர்கள் என்றால், ஆர்.ஓ. வேண்டாம். கரைந்துள்ள உப்புகளை நீக்குவதே அந்த இயந்திரத்தின் முதன்மையான வேலை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையிலான உப்பை ஏற்கத்தக்கது என்கிறது. அதற்கும் குறைவான உப்புள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யுமாறு 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவிட்டது. வெறும் 60 உள்ள தண்ணீரை அதில் செலுத்தினால், இருக்கும் கொஞ்சம் தாது உப்பும் போய்விடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். நாள் கணக்கில் காத்திருந்து பிடித்த தண்ணீரை அப்படி வீணாக்க மனம் வருமா?

விற்பனையாளர் காட்டிய பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. அந்தக் கருவியின் இரும்புத் தண்டு மின்சாரத்தால் அரிக்கப்பட்டு, துருவாகத் தண்ணீரில் கலக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, ஆகவே நிறமும் மாறுவதில்லை. அடுத்த முறை அவர் வந்தால், அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகிவிடும். அச்சமூட்டி விற்கும் இந்த உத்தியை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

தாங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது தரைத்தொட்டியைத்தான். குளோரின் கலந்து வரும் தண்ணீர் தொட்டியில் நாள்கணக்கில் தேங்கும்போது குளோரின் குறைந்துபோகிறது. மூடி சரியாகப் பொருந்தாமலோ, சுவரில் வெடிப்பின் வழியாகக் கழிவுநீர் கசிந்தோ கிருமிகள் நுழைந்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. டி.டி.எஸ். மீட்டருக்குக் கிருமியும் தெரியாது, ஃபுளோரைடும் தெரியாது. எனவே தெருக்குழாயில் வரும் தண்ணீர், சமையலறைக் குழாயில் வரும் தண்ணீர் என இரண்டு மாதிரிகளைக் கிருமிநீக்கிய புட்டிகளில் பிடித்து, அன்றைக்கே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். முதலாவது சுத்தமாகவும் இரண்டாவதில் ஈ.கோலி கிருமியும் இருந்தால், குறை தங்கள் தொட்டியிலோ வீட்டுக் குழாயிலோ இருக்கிறது. தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கிருமிநீக்கம் செய்து, வெடிப்பை அடைப்பதே முதல் வேலை. இரண்டிலுமே கிருமி இருந்தால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள்.

அதுவரை, தண்ணீர் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடித்தால் போதும். தினமும் காய்ச்சச் சிரமம் என்றால் யு.வி. (புற ஊதாக் கதிரால் கிருமிகளைக் கொல்வது) அல்லது யு.எஃப். (நுண்துளைச் சவ்வால் கிருமிகளை வடிகட்டுவது) கருவி வாங்கலாம். இரண்டும் உப்பைத் தொடாமல் கிருமிகளை மட்டும் கவனித்துக்கொள்ளும். யு.எஃப். வகைக்கு மின்சாரம் தேவையில்லை; ஆனால் வைரஸ்களைத் தடுப்பதில் யு.வி.யே நம்பகமானது. யு.வி. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கிருமிகொல்லும் திறன் குறைந்துகொண்டே வரும் என்பதால், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பலரும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கோடையில் சிறுவாணி நின்று, போர்வெல் தண்ணீரையே குடிக்க நேரிடும் என்றால் என் பதில் மாறும். 1,400 என்ற அளவுக்கும், அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடிய ஃபுளோரைடு, நைட்ரேட்டுக்கும் ஆர்.ஓ. தான் வீட்டளவில் சரியான தீர்வு. காய்ச்சுவதால் அவை குறைவதில்லை, தண்ணீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆனால் அந்தத் தண்ணீரையும் ஆய்வகத்தில் முழுமையாகப் பரிசோதித்துவிட்டு, உப்புத் தண்ணீர்க் குழாயில் மட்டும் இயந்திரத்தைப் பொருத்துங்கள்.