எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும்போது புத்தகக் கடைக்குப் போய் என்ன பயன்? நம் ரசனை அறிந்து புத்தகம் எடுத்துத் தரும் கடைக்காரர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி சுருக்கென்று தைத்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் அநேகமாக ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு மாலில் உள்ள கடைக்குப் போய், பில் போடும் தம்பியிடம் "நல்ல தமிழ் நாவல் எது?" என்று கேட்டிருப்பீர்கள். அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு "ஸ்டாக் இல்லை சார்" என்றிருப்பார். அப்படி நடந்திருந்தால் இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தத் தம்பியையும் குறை சொல்ல முடியாது. நேற்று வரை அவர் செல்போன் கவர் விற்றிருக்கலாம். நான் சொல்லப்போவது வேறு வகைக் கடை, வேறு வகை மனிதர்.

என் அப்பா வாழ்நாள் முழுக்கப் படித்தவர். 1985-இல், பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட் எரிந்தபோது, சொந்த வீட்டில் தீப்பிடித்த மாதிரி அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். பழைய புத்தகக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்த பிறகும் தேடிப் போய்க்கொண்டுதான் இருந்தார். அம்மா போனதும் அந்த மனிதர் படிப்பதை நிறுத்திவிட்டார். கண்புரை ஆபரேஷன் ஆகிப் பார்வை தெளிவாக வந்த பிறகும் புத்தகத்தைத் தொடவில்லை. நானும் தம்பியும் ஆன்லைனில் அதிகம் விற்கிறது, நாலரை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வரவழைத்தோம். ஒவ்வொன்றும் பத்து இருபது பக்கத்தோடு டிவி மேல் கவிழ்ந்து கிடந்தது.

கடைசியில் ஒரு நாள் நேரிலேயே ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். மேற்கு மாம்பலத்தில் ஒரே ஒரு ஷட்டர் வைத்த கடை அது. பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை. தடிமனான ஒரு சரித்திர நாவலை நானே எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனேன்.

"யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"அப்பாவுக்கு."

"உட்கார்ந்து படிப்பாரா, படுத்துக்கிட்டா?"

படுத்துக்கொண்டுதான் என்றேன். "அப்ப இது வேண்டாம். நெஞ்சு மேல வெச்சுப் படிக்க முடியாது, கை வலிக்கும்" என்று அதை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். எழுநூறு ரூபாய்ப் புத்தகம். பிறகு, அப்பா கடைசியாகப் பாதியில் வைத்தவை என்னென்ன என்று கேட்டார். பிடித்த புத்தகம் எது என்று கேட்கவே இல்லை. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தவர், "சார் சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தார்?" என்றார்.

செகந்திராபாத். தாத்தாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. 1948 கலவரத்தின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெட்ராஸ் வந்த குடும்பம் எங்களுடையது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, அப்பா பேசியதில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. நிஜாம் ராஜ்ஜியம், நிஜாமுக்காகச் சண்டை போட்ட ரஜாக்கர் படை, ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த அந்த நாட்கள், நடுவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு காலேஜ் போகும் ஒரு தமிழ்ப் பையன், அவன் அப்பாவுக்கும் ரயில்வே. எழுதியவரும் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து பிறகு சென்னைக்கு வந்தவர். "இதைக் கொடுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் கொண்டு வாங்க, பணம் தர்றேன்" என்றார்.

மறுநாள் காலை காபி ஆறிக்கொண்டிருந்தது, அப்பா புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. "இவர் லான்சர் பாரக்ஸ் ஆளும்மா! எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம்" என்றார். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர்தான். பாட்டி கல்யாணத்துக்கு வந்த வெண்கல உருளியை அங்கேயே பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தது, ரயிலில் ஜன்னலை மூடியே வைத்துக்கொண்டு வந்தது, மெட்ராஸில் இறங்கியதும் தாத்தா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதது. அப்பாவின் இந்த வயதில், என்னுடைய இந்த வயதில், இதையெல்லாம் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

அந்த எழுத்தாளர் எழுதியது எல்லாவற்றையும் வாங்கி வா என்றார் அப்பா. ஓடினேன். கடைக்காரர் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக் கொடுத்தார், 'தண்ணீர்'. "சின்னப் புத்தகம். மெட்ராஸ் தண்ணிக் கஷ்டம். குடத்தோட அலைஞ்சதெல்லாம் சாருக்கு ஞாபகம் வரும். எல்லாத்தையும் ஒரேயடியாக் கொண்டுபோய்க் குவிச்சா எதையும் படிக்க மாட்டார்" என்றார். இரண்டாயிரம் ரூபாய்க்கு நான் தயாராக வந்திருந்தேன். நூற்றுச் சொச்சம் ரூபாயோடு அனுப்பிவிட்டார்.

எது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல கடைக்காரர் என்பது என் கட்சி. பரிந்துரை எல்லோரும் செய்கிறார்கள். யூடியூபில் செய்கிறார்கள், வாட்ஸப் குழுவில் செய்கிறார்கள். கையில் எடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்கி வைக்க, விற்கிறவனுக்கே மனசு வர வேண்டும். அல்காரிதம் இதையெல்லாம் செய்யாதா என்று ஒருவர் வருவார், தெரியும். நான் என்ன வாங்கினேன் என்று அதற்குத் தெரியும். வாங்கியது பன்னிரண்டாம் பக்கத்தோடு டிவி மேல் கவிழ்ந்து கிடப்பது தெரியாது. அதே வகையில் இன்னும் நாலைக் காட்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களை நான் திட்டவில்லை. முட்டிவலிக்காரர்கள் இருக்கிறார்கள், கடையே இல்லாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், வாங்கட்டும். எனக்கு ஆத்திரம் வருவது ஒரே ஒரு வகை ஆட்களிடம். அரைமணி நேரம் கடைக்காரரிடம் பேசி, அவர் ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்ததையெல்லாம் அட்டையை போட்டோ பிடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டுவதற்குள் போனில் ஆர்டர் போடுகிறார்களே, அவர்களிடம். என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. கடைக்காரருக்குப் பதிப்பகம் கொடுக்கும் கழிவு பொதுவாக முப்பது, முப்பத்தைந்து சதவீதம். அதில்தான் வாடகை, கரண்ட், பையன் சம்பளம், விற்காமல் பழுப்பேறும் புத்தகம் எல்லாம். அதே புத்தகத்தை ஒரு பெரிய கம்பெனி இருபது சதவீதம் தள்ளிக் கொடுத்தால் இவர் எங்கே போவார்? பிரான்சில் 1981-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பதிப்பாளர் போட்ட விலையில் ஐந்து சதவீதத்துக்கு அதிகமாக யாரும் தள்ளுபடி தரக் கூடாது, பெரிய கடையோ சின்னக் கடையோ. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1977-இல் தொடங்கிய நம் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவுக்காக நந்தனத்தில் புழுதியில் நடக்கும் நாம், வருஷம் முழுக்கக் கடையைத் திறந்து வைத்திருப்பவரிடமும் "எவ்வளவு குறைப்பீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறோம்.

புத்தகத்துக்கு நம்மவர்கள் கொடுக்கும் மரியாதையை இன்னொரு இடத்திலும் பார்த்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு சிறுகதைத் தொகுப்பு வைத்தோம். "செலவை மிச்சம் பிடிச்சுட்டாங்க" என்று சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒரு அம்மாள் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். உண்மையில் ஒவ்வொரு புத்தகமும் தேங்காயைப் போல மூன்று மடங்கு விலை. மண்டபத்தைக் காலி செய்யும்போது நாற்காலிகளில் புத்தகங்கள் கிடந்தன, வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இன்று வரை எனக்கு ஆறவில்லை. சமையல்கார மாமா மட்டும் உதவிப் பையன்களுக்கென்று கேட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தமிழ்ப் புத்தகத்துக்கென்றே கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல், தி. நகரில் நியூ புக்லேண்ட்ஸ் இருக்கின்றன. பழைய புத்தகத்துக்கு மயிலாப்பூர் லஸ் பக்கம் விசாரியுங்கள். இவற்றை விடச் சின்னக் கடைகள் உங்கள் பேட்டையிலேயே இருக்கும். வார நாளில் பதினொரு மணிக்கு மேல் போங்கள், பேச நேரம் கிடைக்கும். "நல்ல புத்தகம் ஏதாவது" என்று கேட்காதீர்கள், அது யாருக்கும் பதில் சொல்ல முடியாத கேள்வி. யாருக்கு, என்ன வயது, எதைப் பாதியில் விட்டார், கண்ணாடி போடுவாரா என்று சொல்லுங்கள். முதல் தடவை அவர் எடுத்துக் கொடுப்பது சரியாக அமையாமல் போகலாம். திரும்பப் போய், எந்த இடத்தில் அலுத்தது என்று சொல்லுங்கள், இரண்டாவது புத்தகம் கிட்டே வரும். ஜனவரியில் புத்தகக் காட்சி முடிந்த வாரம் மட்டும் போகாதீர்கள். கட்டுப் பிரித்து அடுக்கிக்கொண்டு, கணக்குப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், உங்களிடம் பேச அவர்களுக்கு ஆசை இருந்தாலும் நேரம் இருக்காது.