நாளைக்கு என்ன ஆகும் என்றே தெரியாத நாட்களில் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்த உறவு எது?

கேள்வியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகத்தான் இருந்தேன். கீழே நீங்கள் சேர்த்திருந்த ஒரு வரி விடவில்லை: "வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை." உங்களுக்கு வேலை போயிருக்கும் என்று நினைக்கிறேன். தவணை இரண்டு மூன்று ஓடிக்கொண்டிருக்கும், மனைவியிடம் பாதிதான் சொல்லியிருப்பீர்கள். ஊகம்தான், தப்பென்றால் மன்னியுங்கள். ஆனால் ஆறுதல் ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். ஒட்டாத ஆறுதலைச் சொன்ன மகன் நான்.

எங்கள் ஊர் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 15 வியாழன் இரவு படுத்தபோது அப்பாவுக்கு மூன்று ஏக்கரில் 210 தென்னை இருந்தது. வெள்ளி விடிந்தபோது 19 நின்றது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்கள் வழியாகத்தான் போனது. நான் அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன். பட்டுக்கோட்டைக்கு மேல் பஸ் போகவில்லை. விழுந்த மரங்களுக்கு மேலும் கீழுமாகப் பாதி தூரம் நடந்து சனிக்கிழமை சாயங்காலம் வீடு வந்தேன். ஓடு பறந்திருந்தது. அப்பா திண்ணையில் தோப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அந்தத் திண்ணையிலிருந்து அதுவரை வானம் தெரிந்ததே இல்லை.

"எல்லாம் சரியாயிடும்ப்பா" என்றேன். அவர் திரும்பக்கூட இல்லை. மறுநாள் அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். "இடத்தை வித்துட்டு எங்கூட வந்துடுங்க, அங்க பார்த்துக்கலாம்" என்றேன். எங்கள் பக்கம் தென்னங்கன்று என்று சொல்ல மாட்டோம், தென்னம்பிள்ளை என்போம். 30 வருடம் முன்னால் அவர் கையால் வைத்த பிள்ளைகள் வேரோடு கிடக்கும்போது விலை பேசச் சொன்ன மகன் நான்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், திட்டுவதற்கு முன் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு வைத்தால் இரண்டு வாய். கரண்டு 23 நாள் கிடையாது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத்தான் ஊரில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். போன் சார்ஜ் போட 20 ரூபாய். அந்த வாரங்களில் எங்கள் பக்கத்தில் தோப்பைப் பார்த்துவிட்டு உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். அம்மா பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலாம் நாள் அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. கீரமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவர் தோப்பும் போச்சு, மாட்டுக்கொட்டகையும் போச்சு. மகனுடைய டிவிஎஸ் எக்செல்லில் பின்னால் உட்கார்ந்து, மடியில் அரிக்கேன் விளக்கும் கேனில் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அழுவார் என்று பார்த்தேன். அப்பாவை ஒரு தடவை பார்த்தார், நேரே உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். "மொய் நோட்டு எங்க?"

மொய் விருந்து தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ கிடையாது, மொய் வாங்குவதற்காகவே விருந்து. மண்டபச் செலவு கட்டுப்படியாகப் பத்துப் பேர்கூட ஒன்றாகச் சேர்ந்து பத்திரிகை அடிப்பார்கள். கிடாக்கறி சோறு. வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு ஏற்கனவே வாங்கிய மொய்யைத் திருப்பி எழுதி, மேலே புது நடை என்று கொஞ்சம் சேர்ப்பார்கள். ஒருவருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, நோட்டுதான் சாட்சி. வருடா வருடம் பணம் எண்ணும் மெஷினைப் படம் பிடித்து 'ஒரே நாளில் கோடிகள்' என்று செய்தி போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அப்பாவின் முறை 2014 ஆடியில் முடிந்திருந்தது, அடுத்தது 2019. அந்த நீள நோட்டு நனைந்து பொதபொதவென்று இருந்தது. அத்தை அதைத் திண்ணையில் வெயில்படும் இடத்தில் வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் காய்ந்த மணலைத் தூவினார். காற்றில் புரளாமல் இருக்க ஓரத்தில் உடைந்த ஓட்டுச் சில்லு. பேனா மை ஊறி நீலமாகப் பரவியிருந்தது. காயக் காய ஒரு பக்கத்தைத் திருப்புவார். அதற்கு மட்டும் மூன்று நாள் போனது. அப்பா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு அத்தை வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

"குருவிக்கரம்பை... ரா... ராமையா, ஐநூறு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு பத்துப் பெயர், மறுநாள் ஒரு இருபது. புயல் முடிந்த பதினோராம் நாள் என்று நினைக்கிறேன். அத்தை யாருடைய பெயரையோ சொல்லி "ஐநூறு" என்றார்.

"ஆயிரம்" என்றார் அப்பா. "அவன் ஆயிரம் செஞ்சான். ஐநூறு அவன் மச்சான்."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அத்தை தலையே நிமிரவில்லை. "சரி, ஆயிரம். இத்தனை பேருக்கு நீ திருப்பிச் செய்யணும்டா தம்பி, இத்தனை பேரு உனக்குச் செய்யணும். எனக்கு 2022 ஆடியில முறை வருது. நீ பத்தாயிரம் பாக்கி, புது நடை தனி. படுத்துக்கிட்டா யாரு கொண்டாந்து குடுக்கிறது?"

இவ்வளவுதான் நடந்தது. 'சரியாகிவிடும்' என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் சொல்லவே இல்லை. நாலு வருடம் தள்ளி ஒரு மாதத்தைச் சொல்லி, அந்த மாதத்தில் அப்பா இருப்பார் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லாத மாதிரி சண்டைக்கு நின்றார். வேண்டுமென்றே தப்பாகப் படித்தாரா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு எனக்குக் கண்ணாடி இருந்துச்சா?" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் பிடிபடவில்லை.

இப்போது சிலர் வருவார்கள், தெரியும். மனமுடைந்த மனிதரிடம் கடனை ஞாபகப்படுத்துவதா என்று. கடனாலேயே போனவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. இதை மருந்து என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அத்தைக்குத் தம்பியைத் தெரியும், அதனால் செய்தார். அதையே நான் செய்திருந்தால் விபரீதமாகியிருக்கலாம். கேள்வி கேட்டவருக்கு ராத்திரியில் எண்ணம் வேறு பக்கம் போகிறது என்றால் என் அத்தை கதை வேண்டாம், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கு ஒரு போன் போடுங்கள்.

2019 ஆடியில் விருந்து வைக்க அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோர் தோப்பும் விழுந்து கிடக்கிறது, எந்த முகத்தோடு பத்திரிகை கொடுப்பது என்றார். அத்தைதான் கூட்டாக வைக்கும் ஒரு விருந்தில் அவர் பேரையும் சேர்த்துவிட்டார். 2014-இல் 5 லட்சத்து 80 ஆயிரம் வந்தது. இந்தத் தடவை 4 லட்சத்துச் சொச்சம். இரண்டாயிரம் செய்ய வேண்டியவர்கள் ஐநூறு வைத்தார்கள். ஒரு பெரியவர் நூறு ரூபாயை நீட்டி, "பேரை எழுதிக்கங்க, கணக்கு விட்டுப்போயிடக் கூடாது" என்றார். எழுதிக்கொண்டிருந்தது நான். அவர் வேட்டியில் மரம் அறுத்த தூள் இருந்தது.

நிவாரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். மரத்துக்கு 600, அறுத்து அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் அரசு அறிவித்தது. எங்களுக்கும் வந்தது. நன்றாகக் காய்க்கிற மரம் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுக்குக் காய் கொடுத்துவிடும். பெரும்பணம் அறுப்பு மெஷினுக்கும் தூர் பிடுங்கிய ஜேசிபிக்கும் போனது. அறுத்துப் போடாமல் விட்டால் காண்டாமிருக வண்டு வந்து மிச்ச மரத்தின் குருத்தையும் தின்னும். மொய்ப் பணத்தில்தான் 150 பிள்ளை வாங்கி வைத்தோம், நெட்டை குட்டை கலப்பு.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2025-இல் தேங்காய் விலை ஏறியதும் எங்கள் ஆபீஸ் குரூப்பில் சட்னி ஜோக்காகப் போட்டுத் தள்ளினார்கள். 'தென்னந்தோப்புக்காரன் கார் வாங்கிட்டானாம்' என்று ஒருவர் எனக்கே அனுப்பினார். ஒரு காய் எட்டு ரூபாய்க்குக் கேட்க ஆளில்லாமல் களத்தில் முளைவிட்டபோது இவர்களில் ஒருவருக்காவது தேங்காய் ஞாபகம் வந்ததா? சரி, கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதியதை அழிக்க மனம் வரவில்லை.

2022 ஆடியில் அப்பா அத்தைக்குப் பதினைந்தாயிரம் கொண்டுபோய் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் போன். "பதினாறு செய்யணும்ல? ஆயிரம் குறையுதே." அப்பா அன்று முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தார், நல்ல பசியோடு சாப்பிட்டார்.

அந்த நனைந்த நோட்டு இன்னும் இருக்கிறது. தையலில் மணல் இருக்கிறது, திறந்தால் மடியில் கொட்டும். எல்லாக் கணக்கும் சரிபார்த்தாகிவிட்டது, ஒரு வரியைத் தவிர. ஊரும் பேரும் கரைந்துவிட்டன, '2000' மட்டும் தெளிவாக நிற்கிறது. ஆவணம் கைகாட்டி என்ற ஊர்க்காரர் என்கிறார் அப்பா. இல்லை, அது செருவாவிடுதி என்கிறார் அத்தை. யாரும் வந்து கேட்கவுமில்லை. 2024-இல் அப்பாவுக்கு மறுபடி முறை வந்தபோது, சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்காமல் மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அன்றைக்கும் ஆள் கிடைக்கவில்லை. அந்த இரண்டாயிரத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார்.